நூஸ் ஆற்றங்கரையில் 27 மைல்: தார்ப்பாதையில் ஒரு நெடுநடை

மலைப்பாதைகளில் நடந்து பழகியவர்கள் தார் போட்ட பாதையைப் பொதுவாக மதிப்பதில்லை. வேர் தடுக்காத, பாறை குறுக்கிடாத, வழி தவறவே வாய்ப்பில்லாத பாதையில் எவ்வளவு தூரம் நடந்தாலும் அது மாலை உலாவைப் போன்றதுதான் என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. வட கரோலினாவின் ராலே நகரில், ஃபால்ஸ் லேக் அணையின் அடிவாரத்தில் தொடங்கி ஜான்ஸ்டன் கவுண்டி எல்லை வரை நூஸ் ஆற்றை ஒட்டிச் செல்லும் கிரீன்வேயை, அதாவது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமான பசும்பாதையை, நடந்து முடித்த பிறகு அந்த மறுப்பு இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது. 27.5 மைல், அதாவது சுமார் 44 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை உடலுக்கு ஒரு தனி வகையான சோதனை. அதைவிட முக்கியமாக, ஒரு நகரம் தன் ஆற்றிலிருந்து என்னென்ன எடுத்துக்கொள்கிறது, அதற்கு என்ன திருப்பித் தருகிறது என்பதை வரிசை மாறாமல் காட்டும் பாதை அது.

தொடக்கமே அணையில்தான். ஈனோ, ஃபிளாட் என்னும் இரு ஆறுகள் கூடி நூஸாகும் இடம் இப்போது ஃபால்ஸ் ஏரியின் நீருக்குள் இருக்கிறது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை கட்டிய இந்த அணை 1981-இல் முடிந்தது. கீழேயுள்ள ஊர்களை வெள்ளத்திலிருந்து காப்பதும் ராலேவுக்குக் குடிநீர் தருவதும் அதன் முதன்மையான வேலைகள். அணையிலிருந்து வெளியேறும் நீர் நுரைத்துச் சுழலும் இடத்தில் தூண்டில்காரர்கள் காலையிலேயே வந்து நின்றுவிடுவார்கள். அவர்களுக்குச் சற்றுத் தள்ளி, ஏறத்தாழ பத்தடி அகலத்தில், எவ்வித ஆரவாரமும் இன்றிப் பாதை ஆரம்பிக்கிறது. சுமார் 275 மைல் நீளமுள்ள இந்த ஆறு வட கரோலினாவிலேயே பிறந்து, அந்த மாநிலத்தின் எல்லையைத் தாண்டாமலேயே பாம்லிகோ சவுண்ட் என்னும் பெரிய கடற்கழியில் கலக்கிறது. பாதையில் நடப்பவர் பார்ப்பது அதில் ஒரு சிறு துண்டுதான். ஆனால் ஆற்றோடு நகரம் அதிகமாக உறவாடும் துண்டு அதுவே.

இவ்வளவு பெரிய நகரத்துக்கு நடுவே, ஆற்றின் கரையோரமாக, வீடோ கடையோ இல்லாத இத்தனை மைல் நிலம் எப்படி மிஞ்சியது என்ற கேள்வி நடக்கத் தொடங்கிய முதல் மணி நேரத்திலேயே எழுந்துவிடும். வெள்ளம்தான் அதற்கு விடை. 1972-இல் வில்லியம் ஃபுளூர்னாய் என்னும் பல்கலைக்கழக மாணவர் ராலே நகர மன்றத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். ஓடைகளும் ஆறும் பெருக்கெடுக்கும்போது பரவி ஓடும் தாழ்நிலங்களில் கட்டடங்களை அனுமதிக்காமல், அவற்றை ஒன்றோடொன்று இணைத்து மக்கள் நடக்கும் பசுந்தொடராக வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இன்று 100 மைலுக்கும் மேல் நீண்டிருக்கும் ராலேயின் கிரீன்வே வலைப்பின்னல் அந்த எண்ணத்திலிருந்து வளர்ந்தது. நூஸ் கரைப் பாதை அதில் மிகவும் பின்னால், 2010களின் முற்பாதியில், பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டது. ஆற்றுக்கு வெள்ளக் காலத்தில் தேவைப்படும் இடத்தை ஆற்றுக்கே விட்டுவிட்டு, மற்ற நாள்களில் அதை நாம் இரவல் வாங்கி நடக்கிறோம். நகரத் திட்டமிடலில் இதைவிட நியாயமான ஏற்பாடு ஒன்றை நான் கண்டதில்லை.

அந்தத் தாழ்நிலத்தை வேறொன்றும் பயன்படுத்துகிறது. பாதையோரத்தில் ஆங்காங்கே, இடுப்பளவு உயரத்தில், இரும்பு மூடியோடு கான்கிரீட் உருளைகள் தரையிலிருந்து எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். அவை பாதாளச் சாக்கடையின் ஆள்நுழைவுக் குழிகள். சாக்கடை நீர் பெரும்பாலும் பள்ளம் நோக்கித் தானாக ஓட வேண்டும் என்பதால் பெருங்குழாய்களை ஓடைகளின் ஓரமாகவே பதிக்கிறார்கள். வெள்ளம் வரும்போது ஆற்று நீர் உள்ளே புகுந்துவிடக் கூடாது என்பதால் மூடிகளை உயர்த்திக் கட்டுகிறார்கள். குழாய்களைப் பராமரிப்பதற்கென்று முன்பே வெட்டித் திறந்துவைத்த நில வரிசை பாதைக்கும் தோதாக அமைந்துவிடுகிறது. ஓர் உருளையின் பக்கவாட்டில் முந்தைய வெள்ளம் விட்டுச்சென்ற சேற்றுக் கோடு என் தொடையளவு உயரத்தில் காய்ந்து கிடந்தது. அந்தக் கோட்டைக் கண்ட பிறகு, சுற்றியிருந்த மரங்களின் அடிப்பகுதிகளிலும் அதே உயரத்தில் சாம்பல் நிறம் படிந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. நான் நின்றுகொண்டிருந்த இடம் சில வாரங்களுக்கு முன் ஆற்றின் ஒரு பகுதியாக இருந்திருக்கிறது.

இனி கால்களைப் பற்றி. தார்ப்பாதை எளிது என்று எண்ணுபவர்கள் எட்டு மைல் தாண்டியதும் அந்த எண்ணத்தைக் கைவிடுவார்கள். மலைப்பாதையில் ஒவ்வோர் அடியும் வேறு மாதிரி விழுகிறது. ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று ஏற்றம், ஒன்று பக்கவாட்டு. தசைகள் மாறி மாறி வேலை செய்வதால் ஒன்று உழைக்கும்போது மற்றொன்று சற்று ஓய்கிறது. சமதளமான தார்ப்பாதையில் அந்த மாற்றத்துக்கு இடமில்லை. முதல் அடி எப்படி விழுந்ததோ அப்படியே அறுபதாயிரமாவது அடியும் விழுகிறது. குதிகாலில் அதே புள்ளி, முன்பாதத்தில் அதே புள்ளி, இடுப்பில் அதே மூட்டு. வேகமும் நம்மை அறியாமல் கூடிவிடுகிறது, ஏனென்றால் நிறுத்தி யோசிக்க வைக்கும் தடை எதுவும் பாதையில் இல்லை. பிற்பகலில் வலி வருவது திடீரென்று அல்ல. சுண்டுவிரலின் ஓரத்தில் ஒரு சூடாகத் தொடங்கி, அரை மணியில் ஒரு கொப்புளமாகத் தன்னை அறிவித்துக்கொள்கிறது.

ஆகவே கனமான மலையேற்றக் காலணிகள் இங்கே வேண்டியதில்லை. நல்ல மெத்தையுள்ள ஓட்டக் காலணிதான் சரி. நெடுநேர நடையில் பாதம் வீங்கும் என்பதால் வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக இருப்பது நல்லது. பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு தோலை ஊறவைக்கும். கம்பளி அல்லது செயற்கை இழைக் காலுறை அணிந்து, ஒரு ஜோடியைப் பையில் வைத்துக்கொண்டு பாதி வழியில் மாற்றினால் கொப்புளம் பெருமளவு தவிர்க்கப்படும். பலரும் கவனிக்காத ஒன்றும் உண்டு. மழைநீர் தேங்காமல் வடிவதற்காகப் பாதையை மிகச் சிறிய சாய்வோடு அமைக்கிறார்கள். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் வலது ஓரத்திலேயே பல மணி நேரம் நடந்தால் ஒரு கால் மற்றதைவிடச் சற்றுத் தாழ்வாக விழுந்துகொண்டே இருக்கும். முழங்காலின் வெளிப்புறம் அதை மாலையில் தெரிவிக்கும். ஓரத்தில் புல்லோ மண்ணோ உள்ள இடங்களில் இறங்கிச் சற்று நேரம் நடப்பது இதற்கு நான் கண்ட மிக எளிய மருந்து. கோடையில் அந்தப் புல்லில் உண்ணிகள் இருக்கும் என்பதால் நீண்ட காலுறை தேவை. மூன்று மூன்று இலைகளாகத் தழைத்து, பட்டால் தோலில் அரிப்பை உண்டாக்கும் பாய்சன் ஐவி என்னும் கொடியைத் தொடக் கூடாது என்பதைக் குழந்தைகளோடு செல்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

வெயிலைப் பொறுத்தவரை பாதை இரண்டு முகம் கொண்டது. தார் வெப்பத்தை உறிஞ்சி நண்பகலுக்குப் பின் காலடியிலிருந்து மேல்நோக்கி விடுகிறது. ஆனால் பாதையின் பெரும்பகுதி நிழலில் செல்கிறது. சிக்கமோர், ரிவர் பிர்ச், ஸ்வீட்கம், டியூலிப் பாப்லர் ஆகியவை இருபுறமும் உயர்ந்து மேலே கூடுகின்றன. சிக்கமோரின் பட்டை துண்டு துண்டாக உரிந்து, உள்ளே எலும்பு போன்ற வெண்மை தெரிவதால், இலையில்லாத குளிர்காலத்திலும் ஆறு எங்கே ஓடுகிறது என்பதைத் தொலைவிலிருந்தே அந்த மரங்களை வைத்துச் சொல்லிவிடலாம். இந்த மரங்கள் நிற்பதற்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. 1990களில் நூஸின் கழிமுகத்தில் பாசி பெருகி, ஆக்சிஜன் குறைந்து, பெருமளவில் மீன்கள் செத்து மிதந்தன. வயல்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் ஆற்றுக்கு வந்து சேர்ந்த நைட்ரஜன் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதைத் தொடர்ந்து மாநிலம் வகுத்த விதிகள், நைட்ரஜனை 30 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்ததோடு, ஆற்றுக்கும் அதன் ஓடைகளுக்கும் இரு கரைகளிலும் 50 அடி அகலத்துக்கு உள்ள மரஞ்செடிகளைக் காக்கவும் வகை செய்தன. வேர்கள் வடிகட்டும் நீர் கடற்கழி வரைக்கும் நன்மை செய்கிறது. வழியில் நடப்பவருக்கு நிழலும் கிடைக்கிறது.

பாதை முழுவதும் காடாக இருக்கும் என்று எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். சில இடங்களில் அது குடியிருப்புகளின் பின்புற வேலிகளை ஒட்டியே செல்கிறது. விளையாட்டுத் திடல்களைத் தாண்டுகிறது. நெடுஞ்சாலைகளின் அடியில் நுழைகிறது. எனக்கு அந்தப் பாலத்தடிகள் பிடிக்கும். தலைக்கு மேலே லாரிகள் கான்கிரீட் இணைப்புகளைக் கடக்கும்போது எழும் இரட்டைத் தட்டல், கீழே ஆற்றின் ஓசையோடு கலந்து ஒலிக்கும். மேலே மணிக்கு எழுபது மைல் வேகத்தில் போகும் ஒருவருக்கு அங்கே ஓர் ஆறு இருப்பதே ஒரு பெயர்ப்பலகையின் நேரத்துக்குத்தான் தெரியும். சதுப்பான இடங்களில் தார் நின்று மரப்பலகைப் பாதை தொடங்குகிறது. அங்கே காலடியோசை மாறுவதைக் கேட்டே ஆமைகள் விழுந்த மரங்களிலிருந்து ஒவ்வொன்றாக நீருக்குள் நழுவும். பலகைகள் ஈரமாக இருந்தால் வழுக்கும். சைக்கிளில் வருபவர்களுக்கு அந்த வளைவுகள் உண்மையிலேயே ஆபத்தானவை.

பாதி வழியைத் தாண்டி வரும் மில்பர்னி என்ற இடத்தில் நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த நடையில் ஓரிடத்தை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அதையே சொல்வேன். ஆலைகளை ஓட்டுவதற்காக நீண்டகாலத்துக்கு முன்பே அங்கே ஆறு தடுக்கப்பட்டிருந்தது. பின்னாளில் அந்தக் கல் அணையால் பெரிய பயன் ஏதும் இல்லாமல் போயிற்று. மாறாக, அதன் அடியில் உருளும் நீர்ச் சுழலில் பலர் மூழ்கி இறந்தார்கள். மேற்பரப்பு அமைதியாகத் தெரிய, அடியில் நீர் திரும்பத் திரும்ப உள்ளிழுக்கும் அத்தகைய குட்டை அணைகளின் கொடுமை அறிந்தவர்களுக்குத் தெரியும். 2017 நவம்பரில் அதை உடைத்து அகற்றினார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1990களின் இறுதியில், கீழே கோல்ட்ஸ்பரோ அருகே இருந்த குவாக்கர் நெக் அணையும் எடுக்கப்பட்டிருந்தது. மில்பர்னியும் போனபின், ஃபால்ஸ் அணையின் அடிவாரத்திலிருந்து கடற்கழி வரை நூஸ் தடையின்றி ஓடுகிறது.

அதனால் நடந்தது என்ன என்பதற்கு ஷாட் என்னும் மீனே சாட்சி. கடலில் வளர்ந்து, வசந்தத்தில் நன்னீரில் முட்டையிட ஆற்றில் ஏறிவரும் மீன் அது. அணை நின்ற காலத்தில் அதன் பயணம் மில்பர்னியில் முடிந்துவிடும். இப்போது இன்னும் பல மைல்கள் மேலே, பாதை தொடங்கும் இடம் வரைக்கும் அதற்கு வழி திறந்திருக்கிறது. நான் தெற்கு நோக்கி இறங்கி நடந்த அதே கரையோரமாக, நீருக்குள், எதிர்த்திசையில் ஒரு கூட்டம் ஏறிச் செல்லக்கூடும் என்ற நினைப்பே எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. அணை இருந்த இடத்தில் இப்போது பாறைகளுக்கிடையே ஆறு சலசலத்து இறங்குகிறது. முன்பு தேங்கிய நீருக்கடியில் கிடந்த கரைகளில் இளம் மரங்கள் வேர்பிடித்திருக்கின்றன. சீர்கெட்ட ஒன்றைச் சரிசெய்வது என்றால் எதையாவது புதிதாகக் கட்டுவது என்றே நாம் பழகிவிட்டோம். இங்கே ஒன்றை எடுத்ததனால் ஆறு தன்னைத் தானே சரிசெய்துகொண்டது.

இந்த ஆற்றுக்கே உரிய உயிர்களும் உண்டு. நூஸ், டார் என்னும் இரு ஆற்றுப் படுகைகளைத் தவிர உலகில் வேறெங்கும் வாழாத, பல்லி வடிவிலான நீர்வாழ் சாலமாண்டர் ஒன்று, நூஸ் ரிவர் வாட்டர்டாக் என்ற பெயரில், இந்த நீரோட்டங்களின் அடியில் இருக்கிறது. வளர்ந்த பின்னும் செவுள்களைத் தலையின் இருபுறமும் செந்நிறக் குஞ்சம் போல வைத்துக்கொள்ளும் அது தெளிந்த, ஓடும், ஆக்சிஜன் நிறைந்த நீரில்தான் பிழைக்கும். 2021-இல் கூட்டரசு அதை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிட்டது. பாதையில் நடப்பவர் அதைப் பார்க்கப்போவதில்லை. பார்க்கக் கூடியவை நீலச் சாம்பல் நிறப் பெருநாரை, சில நேரம் வெண்தலைக் கழுகு, மாலையில் மான்கள், பீவர் என்னும் கொறிவிலங்கு கடித்துக் கூராக்கிய மரக்கட்டைகள். ஆனால் பார்க்க முடியாத அந்தச் சிறு உயிரைப் பற்றித் தெரிந்துகொண்டு நடப்பது, கலங்கிய நீரையும் தெளிந்த நீரையும் வேறு கண்ணோடு பார்க்க வைக்கிறது.

சைக்கிள்காரர்களைப் பற்றி ஒரு சொல். விடுமுறை நாள் காலையில் அவர்கள் நடப்பவர்களைவிட எண்ணிக்கையில் அதிகம். வலப்புறமாக நடந்து, பின்னாலிருந்து "ஆன் யுவர் லெஃப்ட்" (உங்கள் இடப்புறம் வருகிறேன்) என்ற குரலோ மணியோசையோ வந்தால் நேர்கோட்டிலேயே தொடர வேண்டும். திரும்பிப் பார்க்கும் ஆவலில் இடப்புறம் ஓர் அடி எடுத்துவைப்பதுதான் மோதலுக்குக் காரணமாகிறது. இரு காதுகளையும் அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பது மற்றவர்களுக்கும் தீங்கு.

ஆண்டர்சன் பாயிண்டில் கிராப்ட்ரீ ஓடையும், அதற்குத் தெற்கே வால்நட் ஓடையும் நூஸில் கலக்கின்றன. அவற்றோரமாக வரும் கிரீன்வேக்களும் இந்தப் பாதையோடு சேர்கின்றன. ராலே நகரின் கூரைகளிலும் சாலைகளிலும் விழும் மழையில் பெரும்பகுதி இந்த இரு வாய்களின் வழியே ஆற்றுக்கு வருகிறது என்பதால், நல்ல மழைக்கு மறுநாள் இங்கே நின்றால் இரு நிற நீர் சிறிது தூரம் கலக்காமல் அருகருகே ஓடுவதைப் பார்க்கலாம். அதற்குப் பிறகு கூட்டம் குறைகிறது. தென்பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. வயல்கள் திறந்துகொள்கின்றன, நீண்ட நேரத்துக்கு எதிரே யாரும் வருவதில்லை. அங்கேதான் நகரத்தின் பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. நடைப்பயண வழிகாட்டிகள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆனால் காலையில் எந்த ஏரியின் கரையில் நடை தொடங்கியதோ, அந்த ஏரியின் நீர்தான் நகரத்தின் குழாய்களுக்குள் போய், சமையலறைகளையும் குளியலறைகளையும் கடந்து, பாதையோரத்து உருளைகளுக்கு அடியில் நம்மோடு கூடவே தெற்கே வந்து, இங்கே தூய்மையாக்கப்பட்டு ஆற்றில் மீண்டும் விடப்படுகிறது. ஒரு நகரத்தின் நீர் செல்லும் சுற்று முழுவதையும் கால்நடையாகப் பின்தொடர முடிகிற இன்னொரு வழி எனக்குத் தெரிந்து இல்லை. மலையுச்சிக் காட்சிக்கு நிகராக இதை வைப்பதில் எனக்குத் தயக்கமும் இல்லை.

கவுண்டி எல்லையோடு ராலேயின் பாதை முடிந்தாலும் தார் முடிவதில்லை; கிளேட்டன் ஊரின் ஆற்றோரப் பாதை அங்கிருந்தே தொடர்கிறது. இந்த நடை இன்னும் பெரிய நடைகளின் பகுதியும்கூட. 1977-இல், அப்போது மாநில இயற்கை வளத் துறைச் செயலராக இருந்த ஹோவர்ட் லீ ஓர் உரையில் முன்வைத்த எண்ணத்திலிருந்து பிறந்து, இன்று மேற்கே குவோஹி சிகரத்திலிருந்து கிழக்கே ஜாக்கீஸ் ரிட்ஜ் மணற்குன்றுகள் வரை ஏறத்தாழ 1,175 மைல் செல்லும் மவுண்டன்ஸ் டு சீ டிரெயில் என்னும் நெடுநடைப் பாதை இந்த வழியாகத்தான் போகிறது. மெய்ன் மாநிலத்திலிருந்து ஃபுளோரிடா வரை நீளும் ஈஸ்ட் கோஸ்ட் கிரீன்வேயும் இதன் தென்பகுதியைப் பயன்படுத்துகிறது. முதுகில் பெரிய பையோடு ஒருவர் எதிரே வந்தால் வணக்கம் சொல்லுங்கள். அவர் கடலிலிருந்து நடந்து வந்துகொண்டிருக்கலாம்.

நடக்க நினைப்பவர்களுக்கு நடைமுறையாகச் சில சொல்ல வேண்டும். கிரீன்வே விடியலிலிருந்து அந்திவரை மட்டுமே திறந்திருக்கும். கரையில் கூடாரம் போட்டுத் தங்க இடமில்லை. மணிக்கு மூன்று மைல் என்று வைத்தாலும் நடைக்கு மட்டும் ஒன்பது மணி நேரம் பிடிக்கும். அதோடு ஓய்வையும் சேர்த்தால் குளிர்காலப் பகல் போதாது, கோடைப் பகலின் வெப்பம் தாங்காது. ஏப்ரலும் அக்டோபரும் ஏற்றவை. இரண்டு கார்களோடு செல்வது சுலபம். ஒரே நாளில் முடிக்கத் தேவையில்லை என்பவர்கள் ஆண்டர்சன் பாயிண்டில் பிரித்துக்கொள்ளலாம். அங்கே நிறுத்துமிடமும் கழிப்பறையும் இருக்கின்றன. குடிநீரை மட்டும் முழுவதும் கையிலேயே கொண்டுபோய்விடுங்கள், குறிப்பாகத் தென்பாதிக்கு. கனமழை பெய்த வாரத்தில் புறப்படும் முன், எந்தெந்தப் பகுதி மூடப்பட்டிருக்கிறது என்பதை நகராட்சியின் அறிவிப்பில் பார்த்துவிடுங்கள். தடுப்பு வைத்திருந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். நீர் வடிந்துவிட்டதாகத் தெரியும் இடத்திலும் தாரின் மேல் ஒரு விரற்கடை வண்டல் படிந்திருக்கும், அதில் கால் நிற்காது.